துண்டுக்குள் பேரம்

மனிதக் குரலின் விலை மூவாயிரத்து ஐந்நூறு ரூபாய், வரி தனி. புளியம்பட்டிச் சந்தையின் மாட்டுத் தரகர் துளசிமணிக்கு வலைப்பேச்சு நிறுவனம் சொன்ன விலை அது. ஒரே பசுவின் விலையை ஒன்பது முறை குறைத்துக் கேட்டது தொல்லையாம், அவள் குரலுக்குத் தடை போட்டுவிட்டார்கள். ஊரே அந்த நிறுவனத்தின் காதுக்கருவி வழியாகக் கேட்கிற காலம். இனி அவள் தொண்டை கிழியக் கத்தினாலும் ஒருவர் காதிலும் விழாது. பேச்சு போனால் தரகருக்குப் பிழைப்பும் போச்சு.

உதவி எண்ணுக்கு மட்டும் அவள் குரல் கேட்டது.

"கருவியை அணைச்சுப் போட்டுப் பாத்தீங்களாம்மா?"

"மூணு தரம் பாத்தாச்சு கண்ணு."

"மன்னிப்புக் கேட்டுப் பணம் கட்டுனா திறந்துரும்."

"பேரம் பேசுனதுக்கு மன்னிப்பா? எங்கய்யன் உண்டியல்ல போடற காசுக்கே சாமிகிட்டப் பேரம் பேசுனவரு! அம்பது ரூவா தாரேன், திறந்து உடு."

"விலை மாறாதும்மா."

"அப்பச் சரக்க நீயே வெச்சுக்க."

அந்தப் பசுவின் சொந்தக்காரர் பொன்னுச்சாமியின் கையைப் பிடித்து, மேலே ஒரு துண்டைப் போர்த்தினாள். துண்டுக்குள் விரலை அழுத்தி விலை சொல்வது சந்தையின் பழைய வழக்கம். விரல் பேசுவதைத் தடுக்க எந்த நிறுவனத்தாலும் ஆகாது. திகைத்த பொன்னுச்சாமி, சிரித்துக்கொண்டே பதிலுக்கு அழுத்தினார்.

அன்றைய கணக்கு: கைமாறிய மாடு ஏழு. தரகு வரவு ஏழாயிரம். துண்டுச் செலவு நூற்றிருபது. மன்னிப்பு, பாக்கி.