ஆள் நுழையும் ஜன்னல்

"இதுக்குப் பேரு ரூமா?"

அப்பா பையிலிருந்து டேப்பை உருவி, ஜன்னலை அளக்க ஆரம்பித்தார்.

மகளுக்கு மானம் போனது. திங்கட்கிழமை வேலையில் சேர வேண்டும். காலையிலிருந்து பார்த்த மூன்று அறைகளையும் அப்பா இப்படித்தான் வேண்டாமென்று தள்ளியிருந்தார்.

"இதுவரைக்கும் தங்கின பிள்ளைங்க யாரும் ஒரு குறை சொன்னதில்லை சார்," என்றாள் வீட்டுக்கார அம்மாள்.

"தலைக்கு மேல கூரை கிடைச்சா போதும்னு இருந்திருப்பாங்க. இதுல பூனை கூட நுழையாது. படுக்கையறைன்னா ஒரு ஆள் ஏறி வெளியே குதிக்கிற அளவுக்கு ஜன்னல் வேணும். கம்பி உள்ளேயிருந்து திறக்கணும். சட்டமே இருக்கு. வாசல் பக்கம் தீப்பிடிச்சா என் பொண்ணு எந்த வழியா வருவா?"

அந்த அம்மாளின் முகம் சுண்டிப்போனது. "ஹாலை ரெண்டா தடுத்தோம். இவ்வளவுதான் விட முடிஞ்சுது..."

"அடுத்தவங்க பெத்த பிள்ளைன்னா அவ்வளவு இளக்காரமா?"

மகளுக்குக் கண் கலங்கியது. கொஞ்ச நேரம் முன்பு வெட்கப்பட்டதற்காகத் தன்னையே திட்டிக்கொண்டாள். நமக்காக இப்படி மல்லுக்கட்ட வேறு யார் இருக்கிறார்கள்?

அப்பாவின் போன் அடித்தது. கையில் டேப் இருந்ததால் ஸ்பீக்கரில் போட்டார். ஊரில் அவர்கள் வீட்டுப் பின்பக்கம், வாடகைக்கு விட இரண்டு அறை கட்டிக்கொண்டிருக்கும் கொத்தனார்.

"ஐயா, சுவர் இடுப்பு உயரம் வந்தாச்சு. பிளான்ல இருக்கிற மாதிரி பெரிய ஜன்னலுக்கு இடம் விடட்டுமா?"

"ஜன்னல் வச்சா கட்டிலை எங்கேய்யா போடறது? ரூமுக்கு நாலு பேரைத் தங்க வைக்கணும். மேல ஒரு வெண்டிலேட்டர் போதும். ஆபீசர் வந்தா ஸ்டோர் ரூம்னு சொல்லிக்கலாம். நாமளா அங்கே படுக்கப் போறோம்?"

அப்பா குரலைத் தாழ்த்தவில்லை. தாழ்த்த வேண்டுமென்று அவருக்குத் தோன்றவே இல்லை.

வீட்டுக்கார அம்மாள் தலை நிமிர்ந்து அப்பாவைப் பார்த்தாள்.

மகள் தன் பெட்டியைக் கட்டிலின் மேல் வைத்தாள்.

"சாவியைக் கொடுங்கம்மா. நான் இங்கேயே இருந்துக்கறேன்."

"பைத்தியமா உனக்கு? இந்தப் பொந்துல ஒரு ராத்திரி கூட உன்னை விடமாட்டேன்!"

"அந்த ரெண்டு ரூமுக்கும் ஜன்னல் வச்சதும் போன் பண்ணுங்கப்பா. அன்னிக்கே காலி பண்ணிடறேன்."