துறையில் இன்னொருவர்

செவ்வாய்க்கிழமை காலை பத்து நாற்பதுக்கு அந்தக் கட்டுரை மதிப்பீட்டுக்கு வந்தது. எழுதியவர் பெயர் இல்லை. ஆய்விதழ்களின் வழக்கம் அது. எழுதியவர் யாரென்று மதிப்பிடுபவருக்குத் தெரியக்கூடாது. மதிப்பிடுபவர் யாரென்று எழுதியவருக்கும் தெரியக்கூடாது.

பேராசிரியை தலைப்பைப் படித்தார். கண்ணாடியைத் துடைத்து மாட்டிக்கொண்டு மறுபடியும் படித்தார். காய்ந்த சுவர்ப்பாசி எப்படி மீண்டும் உயிர் பெறுகிறது என்பதைப் பற்றிய கட்டுரை.

முப்பத்தோரு வருடமாக அவர் செய்துவரும் வேலை. வேறு யாரும் அதைச் சீண்டியதில்லை. பல்கலைக்கழகத்தில் அவருக்கு 'பாசி மேடம்' என்று பெயர்.

அலுவலக எழுத்தர் ஒரு கட்டுத் தாளோடு உள்ளே வந்தார்.

"மேடம், இணையதளத்துல ஆசிரியர்கள் பக்கத்தைப் புதுசாப் போடறாங்க. உங்க படிப்பு விவரம்னு நேத்து ஒரு தாள் குடுத்தீங்க, இன்னிக்குக் காலையில ஒண்ணு குடுத்தீங்க. எதைப் போட?"

"ரெண்டுக்கும் என்ன வித்தியாசம்?"

"ஒண்ணுமில்ல. அச்சு அசலா அதேதான்."

"அப்புறம் என்ன? ஒண்ணைத் தொலைச்சாலும் இன்னொண்ணு இருக்குமில்ல."

எழுத்தர் சிரித்துவிட்டார். "ஆராய்ச்சி ஆர்வம்ங்கிற இடத்துல மத்தவங்கள்லாம் ஏழு, எட்டுன்னு எழுதியிருக்காங்க. இயற்பியல் சார் ஒரு பக்கம் ரொப்பியிருக்கார். உங்களுது ஒரே வரி. நீங்களும் நாலு சேத்துக்குங்க மேடம், காசா பணமா?"

"எனக்கு ஒண்ணுதான் தெரியும்."

எழுத்தர் சுவரோரம் நின்ற நான்கு அலமாரிகளைப் பார்த்தார். தட்டுத் தட்டாகக் காகித உறைகள். ஒவ்வொன்றுக்குள்ளும் ஒரு பிடி காய்ந்த பாசி. மேலே இடமும் தேதியும்.

"இதையெல்லாம் என்ன செய்யறதுன்னு துறைத்தலைவர் கேட்டார். ரெண்டு மாசத்துல நீங்க ஓய்வு பெறறீங்க. எடுத்துக்க ஆள் இல்லைன்னா..."

"குப்பைக்குப் போகும்."

"நான் அப்படிச் சொல்லல மேடம்."

"நீங்க சொல்லல. அவர் சொல்லியிருப்பார்."

எழுத்தர் தாள்களை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு வெளியே போனார்.

பேராசிரியை கட்டுரையைத் திறந்தார். யாரோ ஒருவர், எங்கேயோ, பாசியைப் பதினோரு நாள் காயவிட்டிருந்தார். பாடநூல்கள் பத்தோடு நிறுத்தச் சொல்லும். பேராசிரியைக்கும் பதினொன்றுதான் கணக்கு. அந்த ஆள் தெளிப்பானை நம்பாமல் ஊசி முனையால் ஒவ்வொரு துளியாகத் தண்ணீர் விட்டிருந்தார். அதுவும் சரிதான்.

நான்காம் பக்கத்தில், இலை விரிந்த கணத்தை 'விழித்தது' என்று எழுதியிருந்தார். அறிவியல் கட்டுரையில் யாரும் அப்படி எழுதமாட்டார்கள்.

அந்தச் சொல்லின்மேல் விரலை வைத்தபடி பேராசிரியை உட்கார்ந்திருந்தார். மாநாடுகளில் அவர் பேச எழும்போதுதான் மற்றவர்கள் தேநீருக்கு எழுவார்கள். இந்த ஆள் எழுந்திருக்கமாட்டார்.

எங்கே படித்தவர், யாரிடம் படித்தவர்? இணையத்தில் சுவர்ப்பாசி என்று தேடினார். பேராசிரியையின் சொந்தப் பக்கம் மட்டும் வந்தது. அந்த ஆளுக்குக் கூச்ச சுபாவம் போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டார். அந்த ஆளுக்கு ஒரு பக்கம் இருந்தால், அதிலும் ஆர்வம் என்ற இடத்தில் ஒரே வரிதான் இருக்கும்.

மறுநாள் மதிப்புரை தயார். குறையாக ஒன்றைத் தேடிப்பிடித்து எழுதினார். படிக்காமலே புகழ்ந்துவிட்டதாக யாரும் நினைத்துவிடக் கூடாதே. பிறகு நான்கு அலமாரிச் சாவிகளையும் ஒரு நூலில் கோர்த்து மேசைமேல் வைத்துவிட்டு, ஆய்விதழின் அலுவலகத்துக்குத் தொலைபேசினார். எடுத்தவர் உதவி ஆசிரியர். சின்ன வயதுக் குரல்.

"கட்டுரை ரொம்ப நல்லா இருக்கு. தாராளமாப் போடலாம். எழுதினது யாருன்னு மட்டும் சொல்லுங்க."

"மன்னிக்கணும் மேடம், அதைச் சொல்லக்கூடாது. எனக்கே தெரியாது. பேரை எடுத்துட்டுத்தான் எங்கிட்டக் குடுப்பாங்க. பாசியில யாருக்கு ஆர்வம்னு தேடினேன், உங்க பக்கம் ஒண்ணுதான் வந்தது. உங்களுக்கு அனுப்பிட்டேன்."

"விதி எனக்கும் தெரியும்மா. எங்கிட்ட நாலு அலமாரி நிறையப் பாசி இருக்கு. ரெண்டு மாசத்துல தூக்கிப் போட்டுடுவாங்க. அதோட அருமை தெரிஞ்சவர் அவர் ஒருத்தர்தான்."

பேராசிரியை சாவிகளைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார்.

"அவர் பேரை நீங்க சொல்ல வேண்டாம். என் பேரை அவர்கிட்ட சொல்லுங்க. அவரே கூப்பிடட்டும்."

உதவி ஆசிரியர் தயங்கினார். "எங்க ஆசிரியர் திட்டப்போறார். சரி, ஒரு நிமிஷம் இருங்க மேடம். பதிவுல பார்க்கறேன்."

பேராசிரியை காத்திருந்தார். சாவிகளை ஒவ்வொன்றாக நகர்த்தினார். அந்த ஆள் கூப்பிட்டால் எடுத்தவுடனே என்ன பேசுவது? பதினோராம் நாளைப் பற்றிக் கேட்கலாம். அதில் ஆரம்பித்தால் போதும், பேச்சு தானாக வளரும்.

எதிர்முனையில் தட்டச்சுச் சத்தம் நின்றது.

"மேடம்... போன வருஷம் இதை அனுப்பினதே நீங்கதானே?"