தக்காளிக்குக் காவல்

"அத்தான், உங்களுக்கு மனசாட்சின்னு ஒண்ணு இருக்கா இல்லையா?"

ஊராருக்குப் பல் செட் கட்டித் தரும் தொழில் அத்தானுக்கு. அவர் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. பின்வாசல் தோட்டத்தில் குத்துக்காலிட்டு, தக்காளி இலையைப் புரட்டிப் புரட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார்.

தங்கைக்குப் பற்றிக்கொண்டு வந்தது. வராதா பின்னே? அக்கா ஆஸ்பத்திரியிலிருந்து திரும்பி ஒரு மாசம். எதை நீட்டினாலும் ரெண்டு ஸ்பூன், அதோடு தட்டைத் தள்ளிவிடுகிறாள். இன்னும் எடை குறைந்தால் மறுபடி அட்மிஷன்தான் என்று டாக்டர் கறாராகச் சொல்லிவிட்டார். கட்டின புருஷன் என்னடாவென்றால் புழு பிடிக்கிறார்!

"இங்க பாரும்மா. வட்டமா ஓட்டை, பக்கத்துல கறுப்பா எச்சம். இது புழு. இந்தப் பழம் கொத்தினது, பறவை. இப்படிச் சுரண்டியிருந்தா அணில்."

"அக்கா ஒரு வாய் சாப்பிடல. நீங்க அணில் மேல கேஸ் எழுதுங்க! ஒரு மருந்தை அடிச்சுத் தொலைச்சா வேலை முடிஞ்சுதில்ல?"

"மருந்து மட்டும் கூடவே கூடாது."

பச்சைப்புழு ஒன்றைக் கிள்ளி எடுத்துச் சோப்புத் தண்ணீர் வாளியில் போட்டார். பறவைக்குப் பழைய சி.டி.க்கள் தொங்கின. அணிலுக்குச் சுற்றிலும் வலை. அதிலும் வாசல் பக்கம் ஆள் நுழையும் அளவுக்குத் திறந்து கிடந்தது.

"வலையாவது உருப்படியா கட்டத் தெரியுதா?" தங்கை விறுவிறுவென்று இழுத்து முடிச்சுப் போட்டாள்.

"ஐயையோ, அதைக் கட்டாதே!" அவர் எழுந்து ஓடி வந்த வேகத்தில் வாளி கவிழ்ந்தது.

"ஏன், என்ன ஆச்சு?"

வீட்டுப் பக்கம் ஒரு பார்வை பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார். "உங்கக்கா அந்த வழியாத்தான் வருவா."

"அக்காவா? தோட்டத்துக்கா?"

"பத்து நாள் முன்னாடி பாதி கடிச்ச பழம் ஒண்ணு கிடந்துது. அணில்னு நினைச்சேன். உத்துப் பார்த்தா, மனுஷப் பல் தடம். மேல் பல்லு ரெண்டும் அவளுக்கு நான் கட்டினது! மதியம் நாம கண் அசந்ததும் வரா. நேத்து ரெண்டு பழம். காம்புதான் மிச்சம்."

"எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லக் கூடாதா?"

"நாம சுத்தி நின்னு வாயையே பார்த்துக்கிட்டிருந்தா யாருக்கு இறங்கும்? யாரும் பார்க்கலைன்னாதான் அவளுக்கு இறங்குது. அப்படியே இருக்கட்டும். புழுவும் அணிலும் தின்னுட்டா அவளுக்கு என்ன மிஞ்சும், சொல்லு?"

தங்கைக்குக் கண் நிறைந்துவிட்டது. இத்தனை நேரம் இந்த மனுஷனைப் போய் என்னவெல்லாம் பேசிவிட்டோம்! அவசர அவசரமாக, நகம் வலிக்க, முடிச்சை அவிழ்த்தாள். வலையை இன்னும் ஒரு முழம் விலக்கினாள்.

"அத்தான்... மறந்து வெச்ச மாதிரி, இந்தச் சுவர் மேல கொஞ்சம் உப்பு வைக்கட்டுமா?"