மச்சான் சொன்ன டாலர்

"டாலரு இறங்குமாம். இன்னிக்கு வாங்க வேணாம், ரெண்டு நாள் பொறுக்கச் சொல்றாரு அண்ணன்" என்றாள் மலிகா, போனை வைத்துவிட்டு.

ரஹீமுக்குச் சிரிப்பு தாங்கவில்லை. "அப்படியா சொன்னாரு? அப்போ இன்னிக்கே வாங்கிடணும்!"

பழைய வண்ணாரப்பேட்டையில் பேரீச்சம்பழ மொத்த வியாபாரம் ரஹீமுக்கு. ரம்ஜான் சரக்கு கன்டெய்னரில் வந்து ஹார்பரில் நிற்கிறது. டாலரில் பணம் கட்டினால்தான் வெளியே வரும். மலிகாவின் அண்ணன் உபைதுல்லாவுக்கு மண்ணடியில் வெளிநாட்டுப் பணம் மாற்றும் கடையில் வேலை. நாள் முழுக்க டிவியில் பொருளாதாரச் செய்தி பார்க்கிற மனுஷன்.

மச்சானும் மாப்பிள்ளையும் பேசி மூன்று வருஷமாகிறது. உபைதுல்லா தன் மகள் கல்யாண விருந்தில், தான் உட்கார்ந்த சஹனில் ரஹீமுக்கு இடம் வைக்காமல் யாரோ ஒரு மாத்தூர்க்காரரை உட்கார வைத்துவிட்டார். ஒரே தட்டைச் சுற்றி உட்கார்ந்து சாப்பிடுகிற இடத்தில் இது என்ன சின்ன விஷயமா? ரஹீம் பிரியாணியைத் தொடாமலே எழுந்து வந்துவிட்டான். அன்றிலிருந்து மச்சான் எதைச் சொன்னாலும் அதற்கு நேர்மாறாகத்தான் செய்வான்.

வேடிக்கை என்னவென்றால், அதில் லாபமும் வந்தது.

"போன வருசம் டாலரு ஏறும்னாரு, குருட்டாம்போக்குல ஏறிச்சு. நான் வாங்கல. உன் வளையலு சேட்டு கடைக்குப் போச்சு, ஒத்துக்கறேன். அதுக்கப்புறம் ஒண்ணாச்சும் பலிச்சுதா? கச்சா எண்ணெ வெல ஏறுது, டாலரும் ஏறும்னாரு. இறங்கிச்சு. ரிசர்வ் பேங்க் வட்டியக் கொறைக்காது, டாலரு இறங்கும்னாரு. ஏறிச்சு. இன்னிக்கு இன்னா காரணமாம்?"

"சாயங்காலம் அமெரிக்காவுல வெலவாசிக் கணக்கு வருதாம். வெலவாசி அடங்கிப்போச்சாம், வட்டியக் கொறைப்பாங்களாம், அதனால டாலரு இறங்குமாம்" என்று மலிகா வாய்ப்பாடு போல ஒப்பித்தாள்.

"சூப்பரு! அப்ப ஏறப் போவுது. இந்தச் சரக்குலயே உன் வளையலத் திருப்பறேன் பாரு."

பேங்குக்குப் போன் போடப் போனவன், நம்பரை அழுத்தாமல் அப்படியே நின்றுவிட்டான்.

"பாவம் மலிகா அவரு. பேசாம கீற மாப்பிள்ளைக்கு ஒவ்வொரு தபாவும் மெனக்கெட்டு ரோசனை சொல்றாரு. நான் அதைக் கிண்டல் பண்ணிகினு கீறேன். ஒரு சஹனுக்காக எத்தினி வருசம் மொறைச்சிகினு திரியறது? இந்த ஒரு தபா அவரு பேச்சக் கேக்கறேன். இன்னிக்கு வாங்கல. நஷ்டமானா ஆவட்டும்."

மலிகாவுக்குத் தூக்கிவாரிப் போட்டது.

"ஐயோ, வேணாங்க! வாங்கிடுங்க!"

"இன்னாடி இது? உங்க அண்ணன் பேச்சக் கேக்கறேன்னா நீ சந்தோசப்படுவேன்னு பாத்தா..."

"ஏறும்னுதாங்க அண்ணன் சொன்னாரு!" மலிகாவுக்கு அழுகையே வந்துவிட்டது. "எல்லாத் தபாவும் அவரு சரியாத்தான் சொன்னாரு. நான்தான் மாத்திச் சொன்னேன். என் வளையலு போன அன்னிக்கு அண்ணன் சொல்லிட்டாரு. 'உன் வூட்டுக்காரரு நான் சொல்றதுக்கு எதிராத்தான் செய்வாரு. இனிமே நீ எல்லாத்தையும் மாத்தியே சொல்லு. நான் முட்டாளாயிட்டுப் போறேன், அவரு நல்லா இருந்தா போதும்'னு."

ரஹீம் முதலில் பேங்குக்குப் போன் போட்டு டாலரை வாங்கச் சொன்னான். பிறகு அவனுக்கே வெட்கமாக இருந்தது.

"வெள்ளிக்கிழமை ஜும்மா முடிஞ்சு நம்ம வூட்டுக்குச் சாப்பிட வருவாரான்னு கேளு. ரெண்டு பேரும் ஒரே சஹன்ல உக்காரணும்."

மலிகா சந்தோஷமாக அண்ணனுக்குப் போன் போட்டு விஷயத்தைச் சொன்னாள். அந்தப் பக்கம் உபைதுல்லா தொண்டையைச் செருமிக்கொண்டார்.

"வரமாட்டேன்னு சொல்லிட்டதா சொல்லு" என்றார். "அப்பத்தான் அவரே நேர்ல வந்து இட்டுகினு போவாரு!"