காலிக் கட்டம்

“ஏரியைக் காக்க மாதம் எவ்வளவு தருவீர்கள்?” என்று ஊர் ஊராகக் கேட்டுத்தான் தணிகாசலம் பொருளியல் பேராசிரியராகப் பெயரெடுத்தார். தொகை எழுதாமல் கட்டத்தைக் காலியாக விட்டவர்களின் படிவங்களை ஆய்விலிருந்து நீக்கிவிட வேண்டும் என்பது அவரே வகுத்த விதி.

ஓய்வுபெற்ற பின் ஒரு காலையில், ஆய்வு மாணவி ஜெசிந்தா அதே படிவத்தோடு வந்தாள். அதில் ‘ஏரி’ என்று இருந்த இடத்தில் மட்டும், சாலைக்காக வெட்டவிருந்த அவர் வீட்டெதிர்த் தூங்குமூஞ்சி மரம் இருந்தது.

பேனாவைத் திறந்தவர் கட்டத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். அதன்மேல் மரத்தின் நிழல் அசைந்தது.

“ஏதாவது ஒரு தொகை போடுங்க சார். இல்லன்னா உங்க ஃபாரத்த எடுத்துர வேண்டியிருக்கும்.”

“தெரியும்மா. நான் அப்படி எடுத்துப்போட்டது நானூத்திப் பன்னெண்டு பேர.”

பேனாவை மூடினார்.

“என்னையும் அவங்களோட சேத்துரு.”