217ஆம் கன்றின் கம்பி

பனிச்சங்கேணியில் வாவிக் கரையோரம் எங்கள் தொண்டு நிறுவனம் நட்ட கண்டல் கன்று ஒவ்வொன்றிலும் ஓர் இலக்கத் தகடு கம்பியால் கட்டியிருக்கும். கன்று செத்தால் தகட்டைக் கம்பியோடு கொண்டுவந்து, காரியாலயத்தில் ஒரு பால்மாத் தகரப் பேணிக்குள் போடுவோம். செத்த இலக்கம் இன்னொரு கன்றுக்குப் போகக் கூடாது. ஆய்வுப் பொறுப்பாளராக வந்ததும் நான் வைத்த விதி அது.

217இன் தகட்டை நான்கு வருடங்களுக்கு முன், வெள்ளம் வடிந்த கிழமை, காய்ந்த தண்டிலிருந்து நானே உருவி எடுத்தேன். போன வருடமும் அங்கே வெறும் சேறுதான். இந்த மாத அளவீட்டில் அதற்கு நேரே, கன்றுகளை அளக்கும் களப் பணியாளர் பிரதீஸ், இரண்டேகால் மீற்றர் என்று எழுதியிருந்தார்.

“செத்த கண்டுக்கு உயரம் எழுதியிருக்கிறீங்க, தம்பி. எண்பத்துமூண்டு செத்ததெண்டு நான் அறிக்கையில கையெழுத்தும் வச்சாச்சு.”

“அது நிக்கிது யசோதினி மிஸ். புடிச்சித்தான் அளந்தன். தகடு மட்டும் இல்ல. பட்டையில கம்பி பதிஞ்ச தழும்பு சுத்திவரக் கிடக்கு.”

கோபத்தோடு பேணியைத் திறந்தேன். 217இன் கம்பி, பென்சில் பருமனுள்ள தண்டுக்குக் கட்டியது. முறுக்கு நான் போட்டபடியே இருந்தது. வளையத்துக்குள் என் மணிக்கட்டு நுழைந்தது.

பிரதீஸ் எழுதியதை நான் வெட்டவில்லை. மற்ற எண்பத்திரண்டையும் மேசையில் கொட்டி, ஒவ்வொரு வளையத்திலும் விரலை விட்டுப் பார்த்தேன். அவையும் பென்சில் பருமனில் கட்டியவைதான்; பெருவிரல் தாராளமாகப் போனது.

எல்லாவற்றையும், சற்று முன்வரை மூடியிருந்த அதே பேணிக்குள் திரும்பப் போட்டோம். இருவரும் மாறி மாறி அமுக்கியும் மூடி மூடவில்லை.