யாதவியின் சட்ட இதழ்

மகன் கோபிசனுடன், அவன் விரும்பிய பெண்ணைப் பார்க்க சுவிஸின் வில் நகரிலிருந்து நொஷாட்டலுக்கு வந்திருந்தார் இராஜேஸ்வரி. கிறிஸ்தவ வேதக்காரர் என்றாலும் தமிழ்க் குடும்பம்தானே என்று மனதைத் தேற்றிக்கொண்டுதான் ரயிலேறினார்.

பெண்ணின் தாய் திரேசா சேலை உடுத்து வந்து தேநீர் கொடுத்தார். "களைச்சுப்போனியளோ அக்கா? வடையையும் எடுங்கோ."

அந்தத் தமிழிலேயே இராஜேஸ்வரிக்கு மனம் நிறைந்தது. பெண் யாதவியிடம் திரும்பினார்.

"சட்டம் படிக்கிறியாம். ஏதோ இதழும் நடத்துறியாமே?"

"ஓம் மாமி. மாணவர் சட்ட இதழ். இங்க இருக்கிற ஸ்பானிஷ் கதைக்கிற சனத்தின்ர விசா, வேலைப் பிரச்சினையளை எழுதுறம்."

"எங்கட சனத்துக்கே ஆயிரம் பிரச்சினை. ஆரோ சனத்துக்காக ஏன் பிள்ளை மினக்கெடுறாய்?"

யாதவி தாயைப் பார்த்தாள். கோபிசன் தலைகுனிந்துகொண்டான்.

"அது என்ர சனம் அக்கா," என்றார் திரேசா. "நான் பொலிவியாக்காரி. விசா இல்லாமல் வீடு வீடாய்த் துடைச்சுத் திரிஞ்சனான். இவளின்ர அப்பாவைக் கட்டின பிறகுதான் தமிழ் பழகினனான். தம்பி சொல்லேல்லையோ?"

இராஜேஸ்வரி மகனை முறைத்தார். அவன் நிமிரவில்லை. விசாவுக்காகப் பயந்து பயந்து காத்திருந்த வருடங்கள் அவருக்கும் இருந்தன. திரேசாவிடம் கோப்பையை நீட்டினார்.

"தேத்தண்ணி ஆறிப்போச்சு, சம்மந்தி. இன்னொருக்காப் போட்டுத் தாங்கோ."